எச்சரிக்கை யாருக்குப் போகிறது?

2024 மார்ச் 19. திருவனந்தபுரம் மாவட்டம் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலாவில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார் ஒரு பல் மருத்துவ மாணவர். துறைமுகக் கட்டுமானத்துக்குக் கருங்கல் ஏற்றிப்போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு கல் உருண்டு அவர்மேல் விழுந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் உயிர் தங்கவில்லை. ஊர் மக்கள் சாலையில் இறங்கினார்கள். நெரிசல் நேரத்தில் டிப்பர்கள் ஓடுவதற்கு மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது: விதிமீறலுக்காக அந்த லாரிக்கு முன்பே பலமுறை அபராதம் போடப்பட்டிருந்தது.

முதல் செய்தி துயரம். இரண்டாவது செய்தி நிர்வாகத்தைப் பற்றியது. ஒரு வண்டி திரும்பத் திரும்பத் தவறு செய்கிறது என்பது அரசின் கணினிக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அபராதம் ஒரு கணினியில், இன்ஷூரன்ஸ் இன்னொன்றில், குவாரியின் பாஸ் வேறொன்றில், கட்டுமான வாசலின் பதிவேடு மற்றொன்றில். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, “இந்த வண்டியை இன்று உள்ளே விடாதே” என்று சொல்லும் கடமை யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

வண்டிகளிலிருந்து நேரடியாக வரும் தரவையும் இயந்திரக் கற்றலையும் கொண்டு, எந்த ஓட்டுநர், எந்த வண்டி, எந்தச் சாலை ஆபத்தானது என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்று இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் இப்போது சொல்கின்றன. கணிக்க முடியும் என்பது பெருமளவு உண்மை. அந்தக் கணிப்பு கைக்கு வந்ததும் செயல்பட வேண்டியவர் யார் என்பதுதான் இந்தியாவில் இன்னும் எழுதப்படாத பக்கம்.

வடக்கஞ்சேரி சொன்ன பாடம்

இதற்குக் கேரளத்திலேயே ஒரு கொடிய சான்று இருக்கிறது. 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் பயணம் செய்த 3 பேர் என 9 உயிர்கள் போயின.

மோதலுக்குச் சற்று முன் அந்தப் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர். இதைச் சொன்னது நேரில் பார்த்த யாருமில்லை. வண்டியில் பொருத்தியிருந்த ஜிபிஎஸ் கருவி. வேகம் எல்லை மீறுகிறது என்ற எச்சரிக்கை அந்த இரவிலேயே உரிமையாளரின் செல்பேசிக்குப் போயிருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. வேகத்தை 80 கிலோமீட்டருக்குள் நிறுத்த வேண்டிய கருவியில் யாரோ கைவைத்திருந்தார்கள்.

அன்று கருவி தவறவில்லை, சிக்னல் தவறவில்லை, செய்தி அனுப்பும் மென்பொருளும் தவறவில்லை. எச்சரிக்கையைப் பெற்றவருக்கு அதைக் கண்டதும் ஓட்டுநரை அழைத்து வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருக்கவில்லை. பின்னர் உரிமையாளரும் கைதானார். ஆனால் அது மரணத்துக்குப் பிறகான நடவடிக்கை. தரவின் பயனெல்லாம் மரணத்துக்கு முன்புதான்.

இத்தனைக்கும் கேரளம் இந்தத் துறையில் பின்தங்கிய மாநிலமல்ல. பொதுப் பயணிகள் வாகனங்களில் இடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்று மத்திய அரசு 2016 நவம்பரில் விதி செய்தது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. அந்தத் தரவைப் பெறுவதற்காகக் கேரள மோட்டார் வாகனத் துறை அமைத்த ‘சுரக்ஷா மித்ரா’ அமைப்பை உருவாக்கியது திருவனந்தபுரத்திலேயே இயங்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக். சாலையோரத்தில் 726 கேமராக்களை நிறுத்தி, 2023 ஜூன் 5 முதல் தலைக்கவசம், சீட் பெல்ட் மீறலுக்குத் தானாக அபராதம் விதிக்கவும் அந்த மாநிலம் தொடங்கியது. கண்காணிக்கும் கண்களுக்குக் குறைவில்லை. ஆனால் தலைக்கவசத்தைப் பார்க்கும் கேமரா, டிப்பரின் மேலே குவிந்திருக்கும் கல்லைப் பார்க்கப் பழக்கப்படவில்லை.

கணினி எப்படிக் கணிக்கிறது?

இன்றைய லாரி வெறும் இன்ஜினும் சக்கரமும் மட்டும் கொண்டதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் ‘ஐ-அலர்ட்’, டாடா மோட்டார்ஸின் ‘ஃப்ளீட் எட்ஜ்’ போன்ற சேவைகள் வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது, டிரைவர் எத்தனை முறை திடுமெனப் பிரேக் போட்டார் என்பதையெல்லாம் உரிமையாளரின் அலுவலகத் திரைக்கு அனுப்புகின்றன. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக், சரக்குக்கு இ-வே பில் என வண்டியின் நடமாட்டம் பல இடங்களில் பதிவாகிறது.

இயந்திரக் கற்றல் இந்தப் பதிவுகளைப் பயணம் பயணமாகப் பிரித்துக்கொள்கிறது. சாலையின் வேக வரம்புக்கு மேல் எவ்வளவு நேரம் ஓடியது, திடீர் பிரேக் எத்தனை, வளைவில் எவ்வளவு வேகம், ஓய்வில்லாமல் எத்தனை மணி நேரம், இரவா பகலா, ஓட்டும்போது செல்பேசி கையில் எடுக்கப்பட்டதா என ஒவ்வொரு பயணமும் எண்களாக மாறுகிறது. பிறகு இந்த எண்களை விபத்துப் பதிவுகளோடும் இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளோடும் பொருத்திப் பார்க்கிறது. எந்தப் பழக்கம் விபத்துக்கு முன்னால் அடிக்கடி வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது.

ஒரு சிக்கல் உண்டு. விபத்து அரிதாக நடப்பது. மோசமாக ஓட்டும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கீறல் இல்லாமல் தப்பலாம். கவனமாக ஓட்டுபவர் ஒருநாள் பிறர் தவறால் மாட்டிக்கொள்ளலாம். எனவே ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவு இருந்தால்தான் கணிப்புக்கு மதிப்பு. விபத்து எண்ணிக்கை போதாதபோது, மயிரிழையில் தப்பிய தருணங்களைக் கணினி பாடமாக எடுத்துக்கொள்கிறது. இந்த ‘தப்பிய தருணங்கள்’தான் தொழில்நுட்பத்தின் உண்மையான புது வரவு. போலீஸ் பதிவேட்டில் அவற்றுக்கு இதுவரை இடமே இருந்ததில்லை.

ஓட்டும் விதத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பது இன்ஷூரன்ஸ் துறைக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் புரோகிரசிவ் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியிலேயே டெக்சாஸில் இதைச் சோதித்துப் பார்த்தது. பெண்களுக்கு ஒரு கட்டணம், ஆண்களுக்கு ஒரு கட்டணம் என்று பிரிக்கக் கூடாது என 2011 மார்ச் 1-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஆளைப் பார்க்காமல் ஓட்டும் விதத்தைப் பார்க்கும் இந்த முறைக்கு அங்கே கூடுதல் மவுசு வந்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ, ஓடும் தூரத்துக்கேற்பவும் ஓட்டும் விதத்துக்கேற்பவும் கட்டணம் வாங்கும் கூடுதல் காப்பீடுகளுக்கு அனுமதி கொடுத்தது.

நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே கட்டணம்

அந்த அனுமதி சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக்குத்தான் பொருந்தும். சாலையில் போகும் மூன்றாம் நபருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டுக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. சரக்கு லாரிக்கு அதை முடிவு செய்வது முக்கியமாக லாரியின் மொத்த எடைதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 20,000 கிலோவுக்கு மேல் 40,000 கிலோ வரையுள்ள பொதுச் சரக்கு லாரிக்கு ஆண்டுக்கு 43,950 ரூபாய். அதற்கும் மேற்பட்ட எடைக்கு 44,242 ரூபாய்.

இந்த அட்டவணையில் வண்டியின் நடத்தைக்கு ஒரு பத்தியும் இல்லை. ஒரு அபராதமும் வாங்காத லாரியும், இருபது அபராதம் வாங்கிய லாரியும் ஒரே தொகையைக் கட்டும். ஸ்கூட்டரில் போகிறவரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் காப்பீட்டில்தான் ஓட்டும் விதம் கணக்கில் வருவதில்லை. கார்க்காரரின் பம்பருக்கான காப்பீட்டில் வருகிறது. இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது.

இதைச் சரிசெய்யும் யோசனை ஐஆர்டிஏஐயிடமே இருந்தது. 2021 ஜனவரியில் அதன் பணிக்குழு ஒன்று ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ என்ற தனிக் கட்டணத்தைப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு மதிப்பு. புள்ளி கூடினால் கட்டணம் கூடும்; கட்ட வேண்டியவர் வண்டியின் உரிமையாளர். நவீன இயந்திரக் கற்றல் எதுவும் தேவைப்படாத, பேரேட்டுக் கணக்கு அளவுக்கு எளிய யோசனை அது. அதை முதலில் அமல்படுத்தியிருந்தால், இன்று மேம்பட்ட கணிப்பு முறைகளை அதன்மேல் ஏற்றி வைத்திருக்கலாம்.

குமரி வழியாக வரும் கல்

விழிஞ்ஞம் விவகாரம் கேரளத்தோடு முடிவதில்லை. அங்கே கடலுக்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழும்பியிருக்கிறது. அதை மேலும் நீட்டும் திட்டமும் கையில் இருக்கிறது. அந்தச் சுவருக்கான கல்லில் ஒரு பகுதி தமிழ்நாட்டுக் குவாரிகளிலிருந்து போனது. கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகளைப் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தக் கடைத்தெருவில் கேட்டாலும் ஒரு குறை கிடைக்கும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று வரிசையாக நெருக்கடி மிகுந்த ஊர்கள், சாலையோ குறுகியது. அதிக பாரம், பெயர்ந்த தார், பள்ளி நேரத்து நெரிசல் ஆகியவை அங்கே பல ஆண்டுகளாகப் போராட்டத்துக்கும் வழக்குக்கும் காரணமாக இருக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் குற்றவாளி டிரைவர். ஆனால் இந்தத் தொழிலில் பலருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்றுதான். ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கிறாரோ அவ்வளவு காசு. குவாரியில் லோடு ஏறக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. எடை மேடை வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் இல்லை. காலையிலும் மாலையிலும் லாரிகளுக்குத் தடை போட்டால், தடை தொடங்கும் முன் ஊரைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு சேர்ந்துகொள்கிறது. வேகத்தை வாங்குபவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

ஆபத்து மதிப்பெண்ணை டிரைவரின் நெற்றியில் மட்டும் ஒட்டினால் இந்தப் பொருளாதாரம் கண்ணுக்கே படாது. மதிப்பெண் குறைந்த டிரைவர் வேலையிழப்பார். அதே நடைக்கூலிக்கு இன்னொருவர் வந்து அதே ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அவருடைய மதிப்பெண்ணும் விரைவில் அதே இடத்துக்கு வரும். கணினி திரும்பத் திரும்பச் சரியாகக் கணித்துக்கொண்டே இருக்கும். சாலை மட்டும் மாறாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முக்கோலாவில் உயிரைப் பறித்தது லோடிலிருந்து விழுந்த கல். வேகமும் பிரேக்கும் மட்டும் அளக்கும் கருவிக்குக் கல் சரியாக அடுக்கப்பட்டிருக்கிறதா, தார்ப்பாய் கட்டியிருக்கிறதா, பின்கதவின் கொண்டி பூட்டியிருக்கிறதா என்பது தெரியாது. மிக ஒழுங்காக, 60 கிலோமீட்டர் வேக வரம்புக்குள், ஒரு திடீர் பிரேக்கும் இல்லாமல் ஓடும் டிப்பருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதன் மேலிருந்தும் கல் விழலாம். சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. எடை மேடையின் பதிவும் வாசலில் எடுக்கும் ஒரு புகைப்படமும் இந்தக் கணக்கில் சேராதவரை, டிப்பர் விஷயத்தில் எந்த மதிப்பெண்ணும் பாதிக் கணக்குதான்.

கணினிக்கு நாம் ஊட்டும் பாடம்

நம் சாலைகளுக்கு வெளிநாட்டு மாதிரியை அப்படியே கொண்டுவந்து பொருத்துவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. அகலமான அமெரிக்க நெடுஞ்சாலையில் திடீர் பிரேக் என்றால் பெரும்பாலும் கவனக்குறைவு. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலராமபுரம் சந்திப்பில் திடீர் பிரேக் என்றால், குறுக்கே நுழைந்த ஆட்டோவையோ சாலை கடந்த பாட்டியையோ ஒரு டிரைவர் காப்பாற்றியிருக்கிறார் என்றும் பொருள். காப்பாற்றியவருக்குக் கணினி மதிப்பெண்ணைக் குறைத்தால், அடுத்த முறை அவர் பிரேக்குக்குப் பதில் ஹாரனை நம்புவார்.

விபத்துப் பதிவுகளிலும் இதே கதைதான். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் கேரளத்தில் 43,910 விபத்துகள், 4,317 மரணங்கள். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். அதாவது நூறு விபத்துக்குக் கேரளத்தில் 10 பேருக்கும் குறைவாக இறக்கிறார்கள். தமிழ்நாட்டில் 28 பேர். நாட்டு அளவில் 36 பேருக்கு மேல். கேரளத்தில் சிறு விபத்தும் போலீஸ் ஏட்டில் ஏறுகிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பல மாநிலங்களில் சிறு விபத்துகள் பலவும் பதிவாவதில்லை. இந்த எண்களை யோசிக்காமல் கணினிக்குக் கொடுத்தால், ஒழுங்காகப் பதிவு செய்யும் மாநிலத்தை ஆபத்தான மாநிலம் என்று அது கற்றுக்கொள்ளும். பதிவே செய்யாத இடம் பத்திரமான இடமாகிவிடும்.

சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் என்ற ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் இந்தக் குறையைத்தான் தீர்க்க வந்தது. உலக வங்கி உதவியோடு 2021-இல் அது முதலில் அறிமுகமான ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலேயே செல்பேசியில் விவரங்களைப் பதிவு செய்கிறார். நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரத் துறைகள் அதே பதிவில் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆபத்தைக் கணிக்கும் எந்த முயற்சிக்கும் இதுபோன்ற பொதுத் தரவுதான் அடித்தளம்.

தரவின் மிகச் சிறந்த பயன் டிரைவரைத் தண்டிப்பதில் இல்லை, சாலையைத் திருத்துவதில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நடந்தால்தான் அது ‘பிளாக் ஸ்பாட்’ என்று கணக்கில் ஏறும். அதாவது ஓர் இடம் ஆபத்தானது என்று நிரூபிக்க அங்கே சிலர் முதலில் சாகவோ படுகாயமடையவோ வேண்டும். நாக்பூரில் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஐராஸ்தே திட்டம் இந்த வரிசையை மாற்றிப் பார்த்தது. இன்டெல், ஹைதராபாத் ஐஐஐடி, மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம், நாக்பூர் மாநகராட்சி உள்ளிட்டோர் சேர்ந்து நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தினார்கள். பல டிரைவர்களுக்கு ஒரே இடத்தில் எச்சரிக்கை அடிக்கிறது என்றால் தவறு டிரைவர்களிடம் இல்லை, அந்த இடத்தில் என்று அறியலாம். விபத்து நடக்கும் முன்பே அந்த இடத்தைத் திருத்தலாம்.

கழக்கூட்டம்-காரோடு புறவழிச்சாலைக்கும் அதில் வந்து சேரும் விழிஞ்ஞம் சாலைகளுக்கும் இப்படியொரு வரைபடம் வேண்டும். போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனமான நாட்பாக் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. மென்பொருள் பூங்காவான டெக்னோபார்க் இருக்கிறது. சி-டாக் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று சொல்ல வழியில்லை.

தரவு யார் சொத்து?

இந்தத் தரவு திசைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் ஓட்டுநரின் பிரேக், வேகம், பயண நேரம் ஆகியவற்றைச் சேகரித்துத் தரவு வணிக நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்த நிறுவனங்களிடமிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாங்கின. கட்டணம் ஏன் உயர்ந்தது என்று விசாரித்த பிறகுதான், தங்கள் காரே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது பலருக்குத் தெரிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு, இத்தகைய தரவை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் கொடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க முன்வந்தது.

இங்கே அரசே விற்றிருக்கிறது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவை நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்க 2019-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு கொள்கை வகுத்தது. வணிக நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கட்டணம். தரவுக்கு அனுமதி தந்ததில் சுமார் 65 கோடி ரூபாய் கிடைத்ததாக 2019 ஜூலையில் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. அந்தரங்க உரிமை குறித்த கேள்விகள் எழுந்ததும் 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான பிரிவுகள் முழுமையாகச் செயல்பட இன்னும் காலக்கெடு கொடுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் முழு பலம் பெறும் முன்பே லட்சக்கணக்கான வண்டிகள் தரவு அனுப்பத் தொடங்கிவிட்டன.

இதைக் காரணம் காட்டித் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்வதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். 9 பேரைப் பலிகொண்ட பேருந்தின் வேகம் அந்த இரவே யாரோ ஒருவரின் கைபேசியில் இருந்தது. அந்தத் தரவு இல்லாமலிருப்பது நல்லது என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள். வேண்டியது நான்கு தெளிவான எல்லைகள்: தொழிலுக்காக ஓடும் கனரக வண்டியின் தரவு வேறு, குடும்பக் காரின் தரவு வேறு, முதலாவதில் பொதுமக்கள் பாதுகாப்பு முன்னே நிற்கும், இரண்டாவதில் அந்தரங்கம் முன்னே நிற்கும். தன் மதிப்பெண்ணைப் பார்க்கவும் மறுக்கவும் டிரைவருக்கு உரிமை வேண்டும். கணினி சொன்னதை மட்டும் வைத்து யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. பாதுகாப்புக்காகச் சேர்த்த தரவை விற்பனைக்குக் கொடுப்பது குற்றமாக வேண்டும்.

விழிஞ்ஞத்தில் தொடங்கலாம்

2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற சரக்குக் கப்பல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான ‘எம்எஸ்சி இரினா’ அங்கே கரை சேர்ந்தது. இந்தத் துறைமுகத்தின் தொடக்க கால வேலை பெரும்பாலும் ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது. கன்டெய்னர்கள் சாலைவழியாகப் பெருமளவில் புறப்படும் நாளில், இதுவரை டிப்பர்கள் மட்டும் பார்த்த சாலையில் டிரெய்லர்களும் சேரும். அவற்றில் கணிசமானவை தமிழ்நாட்டுக்குள் வரும்.

கப்பல் நிர்வாகத்தில் அந்தத் துறைமுகம் தானியங்கிக் கிரேன்களைப் பெருமையோடு காட்டுகிறது. கப்பலில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அங்கே துல்லியமாகத் தெரியும். அதே துல்லியம் வாசலுக்கு வெளியே நிற்கும் லாரிக்கும் நீள்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

எனவே நான்கு காரியங்கள் உடனே நடக்க வேண்டும். துறைமுக வாசலுக்கு வரும் ஒவ்வொரு கனரக வண்டிக்கும் அபராத வரலாறு, எடைச் சீட்டு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் நிலை, தார்ப்பாய் கட்டிய புகைப்படம் ஆகிய நான்கும் ஒரே திரையில் வர வேண்டும். குறை உள்ள வண்டிக்கு வாசல் திறக்கக் கூடாது. மதிப்பெண் தனி டிரைவருக்கு மட்டுமின்றி ஒப்பந்ததாரருக்கும் லாரி உரிமையாளருக்கும் தரப்பட்டு, அது பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தொடர்ந்து மோசமான மதிப்பெண் வாங்கும் ஒப்பந்ததாரருக்கு அடுத்த ஒப்பந்தம் கூடாது. வேக எச்சரிக்கை உரிமையாளருக்குப் போன பிறகும் வண்டி அதே வேகத்தில் தொடர்ந்தால், அந்தச் செய்தியையே உரிமையாளருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளும்படி விதி வேண்டும். அதே செய்தி கட்டுப்பாட்டு அறைக்கும் நெடுஞ்சாலை ரோந்துக்கும் அந்த நேரமே போக வேண்டும். களியக்காவிளை எல்லையில் தரவு நின்றுவிடாதபடி கேரள, தமிழக அரசுகள் அபராதப் பதிவையும் எடைப் பதிவையும் பகிர்ந்துகொள்ள உடன்பட வேண்டும்.

இவற்றுக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. இருக்கிற கணினிகளை இணைப்பதும், எச்சரிக்கையைப் பெறுபவர் பெயரைச் சட்டத்தில் எழுதுவதும் போதும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை வண்டியின் நடத்தையோடு இணைக்கும் வேலை மத்திய அரசுடையது. அதற்கு ஐஆர்டிஏஐயின் 2021 பரிந்துரையைத் தூசி தட்டி எடுத்தாலே தொடங்கிவிடலாம்.

கேரள மோட்டார் வாகனத் துறையும், துறைமுக நிர்வாகமும், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அலைதடுப்புச் சுவரை நீட்டுவதற்கான கல் லாரிகளும் கன்டெய்னர் டிரெய்லர்களும் ஒரே சாலையில் நெரிசலாகும் முன் அது நடக்க வேண்டும்.